சரியா என்று உன் முகத்தைப் பார்ப்பார்கள்

அன்புள்ள தம்பிக்கு,

ஜனவரி செமஸ்டரில் கம்யூனிட்டி காலேஜில் பாடம் நடத்த உனக்கு ஒரு செக்ஷன் கிடைத்துவிட்டது என்று சித்தி போனில் சொன்னார். பிகினிங் அல்ஜீப்ரா, வாரத்தில் இரண்டு நாள், மாலை வகுப்பு. "டோபாலஜி படித்தவனுக்கு எட்டாம் வகுப்புக் கணக்கா?" என்று நீ அலுத்துக்கொண்டதையும் சொன்னார். அந்த அலுப்பு முதல் வாரத்திலேயே போய்விடும். அதற்குப் பிறகு வரும் குழப்பம்தான் அவ்வளவு லேசில் போகாது. அதற்காகவே இந்தக் கடிதம்.

நீ போகும் இடம் எப்படிப்பட்டது என்று முதலில் தெரிந்துகொள். அமெரிக்காவின் பொதுத்துறைக் கம்யூனிட்டி காலேஜ்களில் மூத்தது இல்லினாய் மாநிலத்து ஜோலியட் ஜூனியர் காலேஜ், 1901இல் தொடங்கியது. நம் நியூ ஜெர்சியில் இன்று 18 கவுன்ட்டி காலேஜ்கள் இருக்கின்றன. கட்ஆஃப் கிடையாது, ஊரில் நீ அலைந்த கவுன்சலிங் கிடையாது. பள்ளிப்படிப்பை முடித்து விண்ணப்பித்தவருக்கு இடம் உண்டு. சேர்ந்த பிறகுதான் சல்லடை. பள்ளி மதிப்பெண்ணையோ அக்யூபிளேசர் தேர்வையோ வைத்து, யார் நேராகக் கல்லூரிக் கணக்குக்குப் போகலாம், யார் அடிப்படையிலிருந்து வர வேண்டும் என்று பிரிப்பார்கள். அடிப்படைக்கு வந்தவர்கள்தான் உன் வகுப்பில் உட்காருவார்கள். இந்த வகுப்புக்கும் கட்டணம் உண்டு. ஆனால் இதில் தேறினாலும் டிகிரிக்கு ஒரு கிரெடிட்கூடச் சேராது. மத்திய அரசின் கல்வி உதவியும் இப்படிப்பட்ட வகுப்புகளுக்கு 30 கிரெடிட்டோடு நின்றுவிடும். ஆகவே உன் வகுப்பில் ஒருவர் தோற்றால் காசும் போகும், காலமும் போகும். நீ போடும் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

வருபவர்கள் யார்? டர்ன்பைக்கில் 8ஏ எக்ஸிட் பக்கத்துக் கிடங்கில் ஷிஃப்ட் முடித்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நேராக வருபவர். நர்சிங்கில் சேர இந்த ஒரு கணக்கு மட்டும் குறுக்கே நிற்கும் ஹோம் ஹெல்த் எய்ட். ராணுவத்திலிருந்து திரும்பி ஜி.ஐ. பில்லில் படிப்பவர். மகளின் ஹோம்வொர்க்கில் கை கொடுக்க முடியாத வெட்கத்தில் வந்து சேர்ந்த அம்மா. பலர் உன்னைவிட மூத்தவர்கள். வெளியே ஒரு குடும்பத்தையோ ஒரு வேலைத்தளத்தையோ நடத்திக்கொண்டிருப்பவர்கள். அவர்களிடம் இரக்கமும் காட்டாதே, அதட்டலும் காட்டாதே. பெயரைக் கற்றுக்கொண்டு சரியாக உச்சரி; பாதி மரியாதை அதிலேயே வந்துவிடும்.

புதிதாக வரும் ஆசிரியர்கள் எல்லாரும் ஒரு விஷயத்தைத் தப்பாகக் கணிக்கிறார்கள். இவர்களுக்குக் கணக்கு தெரியாது, யாரும் சொல்லித்தரவில்லை, நாம் தெளிவாகச் சொன்னால் புரிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். இவர்கள் இதையெல்லாம் கேட்டவர்கள். ஏழாம் வகுப்பில், எட்டில், ஒன்பதில், சிலர் போன செமஸ்டரிலும். விதிகள் அவர்களிடம் ஏராளமாக இருக்கின்றன, எல்லாமே பாதிப் பாதியாக.

முதல் வாரத்திலேயே −3 − 5 என்று போர்டில் எழுதிப் பார். 8 என்று விடை வரும். ஏன் என்று கேள். "டூ நெகட்டிவ்ஸ் மேக் எ பாசிட்டிவ்" என்பார்கள், பாடம் ஒப்பிப்பதுபோல. பெருக்கலுக்கென்று சொன்ன விதி கூட்டலுக்குள் புகுந்துவிட்டது. நீ விதியைத் திருத்திச் சொன்னால் அது இன்னொரு விதியாகப் போய்ச் சேரும், அடுத்த வாரம் கலந்துபோகும். அதற்குப் பதில், "உங்கள் பேங்க் கணக்கு ஏற்கெனவே 3 டாலர் மைனஸில் இருக்கிறது, இப்போது இன்னும் 5 டாலர் எடுத்துவிட்டார்கள். எவ்வளவு காட்டும்?" என்று கேள். கண்ணிமைக்காமல் மைனஸ் 8 என்பார்கள். குறை எண்களுக்கு முறையாக விதி எழுதிய பிரம்மகுப்தர் 628இல் கடனையும் தனத்தையும் வைத்துத்தான் எழுதினார். ஓவர்டிராஃப்ட் கட்டணம் கட்டிப் பழகியவர்களுக்கு அது உடனே புரியும்.

மைனஸ் இன்டு மைனஸ் ஏன் பிளஸ் என்பதற்கு மட்டும் கடனை இழுக்காதே, அங்கே அது நொண்டும். −2ஐ முதலில் 3ஆல் பெருக்கச் சொல், பிறகு 2ஆல், 1ஆல், 0ஆல். −6, −4, −2, 0 என்று வரும். ஒவ்வொரு படியிலும் 2 ஏறுகிறது. அடுத்தது −1. அவர்களே 2 என்று சொல்லட்டும். நீ வாயைத் திறக்காதே.

இங்கேதான் நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இருக்கிறது. எந்த விடையை எழுதினாலும் அவர்கள் தாளைப் பார்க்க மாட்டார்கள், உன் முகத்தைப் பார்ப்பார்கள். "இஸ் இட் ரைட், ப்ரொபசர்?" பல வருடம் அப்படித்தான் பழகியிருக்கிறார்கள்: சரி தப்பு என்பது வாத்தியாரிடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை. நீயும் நானும் மட்டும் என்ன? விடைக்குறிப்பையும் ஸ்டெப் மார்க்கையும் நம்பி வளர்ந்தவர்கள்தானே. ஆனால் இயற்கணிதம் தரும் பெரிய சலுகையே யாரையும் கேட்காமல் சரிபார்த்துக்கொள்ளலாம் என்பதுதான். எக்ஸுக்கு ஒரு எண்ணைப் போட்டால் போதும், எண்ணே தீர்ப்பு சொல்லிவிடும். செமஸ்டர் முடியும்போது அந்தக் கேள்வியோடு உன் முகத்தைப் பார்ப்பதை அவர்கள் நிறுத்தியிருந்தால் நீ பாடம் நடத்தியிருக்கிறாய். இல்லாவிட்டால் சிலபஸை முடித்திருக்கிறாய், அவ்வளவுதான்.

ஒரு உதாரணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 3எக்ஸ் + 4 என்று ஒரு கோவை. இதைச் சுருக்கச் சொன்னால் 7எக்ஸ் என்று எழுதுபவர் நிறையப் பேர். சோம்பேறித்தனம் இல்லை. நடுவில் ஒரு கூட்டல் குறி நிற்கும்வரை கணக்கு முடியவில்லை என்று அவர்களுக்கு உறுத்துகிறது. விடை என்றால் ஒற்றையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். தப்பு என்று சொல்லாதே. "எக்ஸுக்கு ஒரு எண் போட்டுப் பாருங்கள்" என்று சொல். ஒருவர் 2 போடுவார்: அந்தப் பக்கம் 10, இந்தப் பக்கம் 14. ஒத்துவரவில்லை. பின் வரிசையில் ஒருவர் 1 போட்டிருப்பார். அந்தப் பக்கம் 7, இந்தப் பக்கமும் 7. "எனக்குச் சரியாக வருகிறதே!" என்று குரல் வரும்.

அந்த நிமிடத்தை விட்டுவிடாதே. அதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. இரண்டு பேரும் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பிறகு எப்படி? வகுப்பையே வாதாட விடு. 3, 5, 10 என்று ஆளுக்கொரு எண்ணைப் போட்டுப் பார்ப்பார்கள். 1ஐத் தவிர எதற்கும் ஒத்துவராது. கடைசியில் அவர்களே கண்டுபிடிப்பார்கள்: இரண்டு கோவைகள் ஒன்றே என்றால் எந்த எண்ணுக்கும் ஒத்துவர வேண்டும், ஏதோ ஒரு எண்ணுக்கு மட்டும் ஒத்துவந்தால் அது தீர்க்க வேண்டிய சமன்பாடு, அந்த எண்தான் அதன் தீர்வு. முற்றொருமைக்கும் சமன்பாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நீ வரையறையாக எழுதிப் போட்டால் பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்வார்கள், அத்தோடு சரி. சண்டை போட்டுக் கண்டுபிடித்ததை மறக்க மாட்டார்கள். சரிபார்க்க 1 போன்ற எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பதும் போகிற போக்கில் தெரிந்துவிடும். ஒரு எண் பொய்யை உடைக்கப் போதும், உண்மையை நிறுவப் போதாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடு. அவர்களுக்குப் புரியும்.

சமக்குறியையும் கொஞ்சம் கவனி. பலருக்கு அது "விடை இதோ" என்று சொல்லும் பித்தான், கால்குலேட்டரில் இருப்பதுபோல. 3 + 4 = 7 × 2 = 14 என்று ஒரே மூச்சில் எழுதுவார்கள். 1557இல் அந்தக் குறியை அச்சில் கொண்டுவந்த ராபர்ட் ரெக்கார்ட், இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானது வேறெதுவும் இல்லை என்று காரணமும் சொன்னார். இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு என்ற அந்த எண்ணம் ஊறாமல் "அந்தப் பக்கம் கொண்டுபோனால் குறி மாறும்" என்ற நம் ஊர் வாய்ப்பாட்டைச் சொல்லிவிடாதே. அது இன்னொரு பாதி விதி.

வேர்ட் ப்ராப்ளம் என்றாலே வகுப்பு உறைந்துபோகும். மாணவர்களைக் குறை சொல்லும் முன் இதைக் கேள். 1980ஐ ஒட்டி மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு இன்ஜினியரிங் மாணவர்களிடம் ஒரு கேள்வி வைத்தார்கள்: ஒரு கல்லூரியில் பேராசிரியர்களைப்போல் ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள், மாணவர் எண்ணிக்கை எஸ், பேராசிரியர் எண்ணிக்கை பி, சமன்பாடு எழுது. மூன்றில் ஒருவருக்கு மேல் தவறினார்கள்; தவறியவர்களில் பெரும்பாலோர் தலைகீழாக 6எஸ் = பி என்று எழுதியிருந்தார்கள். ஆங்கில வாக்கியத்தில் வார்த்தைகள் வரும் வரிசையிலேயே எழுதினால் அப்படித்தான் வரும். இதற்கும் மருந்து எண்தான். பேராசிரியர் 10 பேர் என்று வை, மாணவர் 60 பேர். 6 × 60 எப்படி 10 ஆகும்?

அவர்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கு. கிடங்கில் வேலை செய்பவரிடம், ஒரு பாலட்டில் 40 பெட்டி, உதிரியாக 7, மொத்தம் 327 பெட்டி, எத்தனை பாலட் என்று கேட்டால் மனக்கணக்காகவே 8 என்பார். எப்படி என்று கேட்டால், முதலில் உதிரியைத் தள்ளிவிட்டு 40ஆல் வகுத்தேன் என்பார். 40எக்ஸ் + 7 = 327ஐத் தீர்க்கும் இரண்டு படிகளும் அவர் வாயிலிருந்தே வந்துவிட்டன. அவர் சொன்னதை அப்படியே போர்டில் எழுது, பெயரையும் பக்கத்தில் எழுது. தெரிந்ததை எழுதும் முறைதான் அல்ஜீப்ரா என்று அன்றைக்கு ஒருவராவது நம்புவார்.

ஆன்லைன் ஹோம்வொர்க் ஒன்றை டிபார்ட்மென்ட் கட்டாயம் தலையில் கட்டும். அலெக்ஸோ, மைலேபோ. பயிற்சிக்கு நல்லதுதான். ஆனால் அங்கே தெரியும் பச்சை டிக்கும் உன் முகம் மாதிரிதான், அதற்காகவே தட்டிக்கொண்டிருப்பார்கள். "இதேபோல் ஒன்றைக் காட்டு" என்ற பித்தானை அழுத்தி எண்களை மட்டும் மாற்றி எழுதித் தப்பிப்பார்கள். வாரம் ஒரு கணக்காவது தாளில் வாங்கு: விடையோடு, அது சரிதான் என்று எப்படித் தெரியும் என்பதையும் ஒரு வரியில் எழுதச் சொல். அந்த வரிக்குப் பாதி மதிப்பெண் கொடு.

முதல் டெஸ்ட் முடிந்ததும் சிலர் காணாமல் போவார்கள். காரணம் பெரும்பாலும் கணக்கு இல்லை. ஷிஃப்ட் மாறியிருக்கும், கார் நின்றிருக்கும், குழந்தைக்குக் காய்ச்சல். இரண்டு வகுப்பு விட்டதும் இனி முகம் காட்ட முடியாது என்று நினைத்துவிடுவார்கள். வராத அன்று இரவே இரண்டு வரி மெயில் போடு: இன்று இதுவரை வந்தோம், வியாழக்கிழமை இங்கிருந்து தொடங்குகிறோம். அறிவுரை எதுவும் வேண்டாம். ட்யூட்டரிங் சென்டரில் இருப்பவரோடும் முதல் வாரத்திலேயே பழகிக்கொள்.

ஒரு பெரிய சர்ச்சையும் உன் காதில் விழும்: இந்த வகுப்பே தேவையா? 2013இல் நியூயார்க் சிட்டி யுனிவர்சிட்டியின் மூன்று கம்யூனிட்டி காலேஜ்களில் ஒரு சோதனை செய்தார்கள். எலிமென்டரி அல்ஜீப்ராவுக்கு அனுப்பப்பட வேண்டிய மாணவர்களில் சிலரைக் குலுக்கல் முறையில் நேராகக் கல்லூரி ஸ்டாடிஸ்டிக்ஸில் சேர்த்து, கூடவே உதவி வகுப்பும் வைத்தார்கள். அங்கே 56 சதவீதம் பேர் தேறினார்கள். வழக்கமான அல்ஜீப்ரா வகுப்பிலேயே இருந்தவர்களில் 39 சதவீதம். கலிஃபோர்னியா 2017இல் ஏபி 705 என்று சட்டமே போட்டு, மாணவர்களை அடிப்படை வகுப்புகளுக்குத் தள்ளுவதைக் கட்டுப்படுத்தியது. நம் தொழிலுக்கு வேட்டு என்று சிலர் கொதிப்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நான்கு வகுப்புகளை அடுக்கினால், தேறியவர்கள்கூட அடுத்ததற்குப் பதிவு செய்யாமல் நின்றுவிடுகிறார்கள். சமூகப்பணி படிக்கப்போகிறவருக்கு ஸ்டாடிஸ்டிக்ஸ் போதும் என்றால் வழியை விடு. அதே சமயம் இன்ஜினியரிங்குக்கோ கெமிஸ்ட்ரிக்கோ போக நினைப்பவருக்கு அல்ஜீப்ரா இல்லாமல் கதி இல்லை. அறுபதுகளில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதியவைக்க உயிரைப் பணயம் வைத்த பாப் மோசஸ், 1982இல் அல்ஜீப்ரா ப்ராஜெக்டைத் தொடங்கியபோது இதையும் உரிமைப் போராட்டமாகத்தான் பார்த்தார். உன் மாணவர் எந்த வழியில் போகிறவர் என்று கேட்டுத் தெரிந்துகொள். தவறான வரிசையில் நிற்கிறார் என்றால் அட்வைசரிடம் அனுப்ப வெட்கப்படாதே, உன் செக்ஷனில் ஆள் குறைந்தாலும் சரி.

அட்ஜங்க்ட் வேலையின் நிலவரம் உனக்கே தெரியும். வகுப்புக்கு இவ்வளவு என்று கூலி. செமஸ்டர் இல்லாத மாதம் காசு இல்லை. தனி அறை எதிர்பார்க்காதே. வயிற்றுக்காக மூன்று காலேஜுக்குக் கார் ஓட்டுபவர்களைப் பார்ப்பாய். முதல் வருடம் அந்த ஓட்டத்தில் இறங்காதே. வகுப்புக்கு அரைமணி முன்னால் போய் அங்கேயே உட்கார். ஷிஃப்ட் முடித்து முன்னதாக வருபவர்கள் பேச்சுக் கொடுப்பார்கள். அந்த அரைமணியில் தெரியவருவது தாள் திருத்தும்போது தெரியாது.

முதல் நாள் சிலபஸை வாசித்து நேரத்தைக் கடத்தாதே. ஒரு தாளில் ஐந்து வரி அச்சடித்துக் கொண்டுபோ: 2(எக்ஸ் + 3) = 2எக்ஸ் + 3. எக்ஸ் + எக்ஸ் + எக்ஸ் = 3எக்ஸ். (எக்ஸ் + 5) ÷ 5 = எக்ஸ். 3எக்ஸ் + 4 = 7எக்ஸ். 5 − (எக்ஸ் − 2) = 7 − எக்ஸ். எக்ஸுக்கு எந்த எண்ணைப் போட்டாலும் சரியாக வருபவை எவை, வராதவை எவை என்று இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து தீர்ப்பு எழுதட்டும். சரியானவை இரண்டுதான், அதையும் நீ சொல்லாதே. யாராவது நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்துச் "சரியா?" என்று கேட்டால் "எந்த எண் போட்டீர்கள்?" என்று மட்டும் திருப்பிக் கேள். பதினைந்து வாரமும் அதே கேள்விதான். தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதே; தப்பான தீர்ப்புகளையெல்லாம் அந்த வாரக் கடைசியில் எனக்கு அனுப்பு, ஒவ்வொன்றும் எந்தப் பாதி விதியிலிருந்து வந்தது என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா