அடி விழுந்தா விளக்கு அணையும்

மேடையில டான்ஸ். பின்னாடி திரையில வீடியோ. ஓரத்துல கீபோர்டு. கல்ச்சுரல்ஸ்ல இதை நாம எல்லாருமே பார்த்திருக்கோம். நடுவுல வீடியோ நின்னு போனாலும் டான்ஸ் பாட்டுக்கு நடக்கும். அதாவது, மூணும் பக்கத்துல பக்கத்துல இருக்கு, அவ்வளவுதான். கலக்கல.

அப்போ கலக்குறதுன்னா என்ன? இதுக்கு ஒரு நல்ல உதாரணம் நம்ம துறையிலேயே இருக்கு.

1966 அக்டோபர், நியூயார்க். ஒரு ராணுவப் பயிற்சிக் கூடத்தில் ‘9 ஈவ்னிங்ஸ்: தியேட்டர் அண்ட் இன்ஜினியரிங்’ என்ற நிகழ்ச்சி நடந்தது. 10 கலைஞர்கள், பெல் ஆய்வுக்கூடத்தின் சுமார் 30 இன்ஜினியர்கள். ஏற்பாட்டில் முன்னால் நின்றவர்கள் ஓவியர் ராபர்ட் ரௌஷன்பெர்கும் பெல் இன்ஜினியர் பில்லி க்ளூவரும்.

ரௌஷன்பெர்கின் படைப்பு ‘ஓப்பன் ஸ்கோர்’. பார்க்க சாதாரண டென்னிஸ் ஆட்டம். ஆனா மட்டைக்குள்ள ஒரு கான்டாக்ட் மைக், ஒரு குட்டி எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். பந்து பட்டதும் நரம்பின் அதிர்வை மைக் பிடிக்கும். சிக்னல் ரேடியோ வழியாப் போய், ஸ்பீக்கர்ல ‘டங்’னு கூடம் முழுக்க ஒலிக்கும். அதோட ஒரு விளக்கும் அணையும். அடிக்க அடிக்க இருட்டு கூடும். முழு இருட்டானா ஆட்டம் முடிஞ்சது.

அடுத்து, அந்த இருட்டுக்குள்ள சுமார் 500 பேர் வந்து நிற்பாங்க. பார்வையாளர்களுக்கு நேரில் எதுவும் தெரியாது. இன்ஃப்ராரெட் கேமரா பிடிச்ச உருவங்கள் மட்டும் திரையில் நகரும்.

இப்போ ஒரு சோதனை. மட்டையில இருந்து சர்க்யூட்டை எடுத்துடுங்க: வெறும் விளையாட்டு. விளையாட்டை எடுத்துடுங்க: சும்மா கிடக்குற சர்க்யூட். இங்கே ஒரு ஊடகத்தின் அவுட்புட்தான் இன்னொன்றின் இன்புட். கலவைக்கு அடையாளம் இதுதான். இப்படி ஊடகங்களுக்கு நடுவுல பிறக்கும் கலைக்கு டிக் ஹிக்கின்ஸ் அதே 1966-இல் ‘இன்டர்மீடியா’ என்று பெயர் வைத்தார்.

அதே மேடையில் ஜான் கேஜ் 10 தொலைபேசி இணைப்புகளைத் திறந்தே வைத்தார். உணவகம், பத்திரிகை அலுவலகம் என்று ஊரின் பல இடங்களில் இருந்து வந்த சத்தம்தான் இசை. முன்கூட்டியே பதிவு செய்த ஒலி எதுவும் கிடையாது.

எல்லாம் ஒழுங்கா நடந்துச்சா? இல்லை. கருவிகள் மக்கர் பண்ணின, நிகழ்ச்சிகள் தாமதமாயின, விமர்சகர்கள் காய்ச்சி எடுத்தார்கள். அதுக்காக அவங்க கலைஞ்சு போயிடல. அந்த வருஷமே க்ளூவர், ரௌஷன்பெர்க், இன்ஜினியர் ஃப்ரெட் வால்ட்ஹவர், கலைஞர் ராபர்ட் விட்மன் நாலு பேரும் சேர்ந்து ‘ஈ.ஏ.டி.’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கலைஞனும் இன்ஜினியரும் சமமாக உட்கார்ந்தால், இருவருமே தனியாக யோசிக்க முடியாத ஒன்று பிறக்கும் என்பதுதான் அதன் அடிப்படை.

நம்ம கல்ச்சுரல்ஸ்ல எத்தனை பேர் “நான் வெறும் சவுண்டுதான் பாக்குறேன்”னு ஒதுங்கி நிற்கிறோம்? ‘ஓப்பன் ஸ்கோர்’ல சவுண்டு பார்த்தவர் இல்லாம ஆட்டமே இல்லை.

வீட்டுப்பாடம்: ஒரு பீசோ தட்டு, ஒரு ஆர்டுயினோ, நாலு எல்.இ.டி. கேரம் போர்டுக்கு அடியில் ஒட்டுங்க. ஒவ்வொரு அடிக்கும் ஒரு விளக்கு அணையட்டும். கடைசி விளக்கு அணையுறப்போ ஆடுறவங்க கை என்ன பண்ணுதுன்னு கவனிங்க. நம்ம பாடம் அங்கேதான் ஆரம்பிக்குது.