உழைப்போரின் பெயர்கள்

நுழையும்முன்

பண்டைய எகிப்து என்றவுடன் பிரமிடுகளும் பொன்முகம் அணிந்த மன்னர் உடல்களுமே நினைவுக்கு வருகின்றன. மன்னருக்காக உழைத்த எளிய மக்களின் வாழ்வும் அந்நாட்டில் எழுத்தாக எஞ்சியிருக்கிறது. அதனைப் போடி மலையடிவாரத்தின் பழமையோடும் இன்றைய உழைப்போடும் இணைத்துக் காண்கிறது இப்பாடம்.

மிளகு சென்ற வழி

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சரிவில் அமைந்தது போடிநாயக்கனூர். ஊருக்கு மேற்கே போடிமெட்டைக் கடந்தால் ஏலமலைகள் தொடங்குகின்றன. ஏலமும் மிளகும் இம்மலைத்தொடரின் ஈரக்காடுகளைத் தாயகமாகக் கொண்ட பயிர்கள்.

கி.மு. 1213இல் மறைந்த எகிப்திய மன்னர் இரண்டாம் ராம்செசின் பதப்படுத்தப்பட்ட உடலில், மூக்கினுள் மிளகு மணிகள் காணப்பட்டன. பல நூற்றாண்டுகளுக்குப் பின், எகிப்து உரோமர் ஆட்சியில் இருந்தபோது மிளகு வணிகம் பெருகியது. செங்கடற்கரையின் பெரனிகே துறைமுகத்தில், இந்தியாவில் வனையப்பட்ட சாடி ஒன்றில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு கண்டெடுக்கப்பட்டது. அக்கரையிலேயே உள்ள குசேர் அல் காதிம் என்னுமிடத்தில் தமிழ்ப் பிராமி எழுத்தில் தமிழ்ப் பெயர்கள் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. மிளகைப் பெற்ற மன்னரை வரலாறு அறியும். கடல் கடந்த வணிகர் சிலரையும் அறியும். கொடியிலிருந்து அதனைப் பறித்தவர் யார் என்பதற்கு மட்டும் சான்று இல்லை.

நைல்கரை வாழ்வு

எகிப்தியர் ஆண்டினை வெள்ளக்காலம், விதைப்புக்காலம், அறுவடைக்காலம் என மூன்றாகப் பகுத்தனர். நைல் பெருகி வடிந்தபின் படிந்த வண்டலில் கோதுமையும் வாற்கோதுமையும் விளைந்தன. ரொட்டியும் வாற்கோதுமை மதுவும் அன்றாட உணவு. ஆளியிழைத் துணியே உடை. நாணயம் வழங்காத அக்காலத்தில் கூலி தானியமாக அளக்கப்பட்டது. எழுத்தறிந்தோர் மிகச் சிலரே. ஆதலால் எழுத்தர் உயர்ந்த நிலையில் இருந்தனர்.

இவற்றையெல்லாம் மிக நெருக்கமாகக் காட்டுவது தெய்ர் எல் மதினா என்னும் சிற்றூர். மன்னர்களின் கல்லறைகளைப் பாறையில் குடைந்த தொழிலாளர்களும் அவர்தம் குடும்பங்களும் அங்கு வாழ்ந்தனர். அவர்கள் கல் சில்லுகளிலும் பானை ஓடுகளிலும் எழுதியவை ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்று, இரண்டாம் ராம்செசின் 40ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த வருகைப் பதிவு. ஏறத்தாழ 40 தொழிலாளர்களின் பெயர்களும், அவர்கள் வேலைக்கு வாராத நாள்களும், அதற்கான காரணங்களும் அதில் உள்ளன. ஒருவனுக்குக் கண்நோய், ஒருவனைத் தேள் கொட்டியது, ஒருவன் மது வடித்துக்கொண்டிருந்தான், ஒருவன் உறவினரின் உடலைப் பதப்படுத்தச் சென்றிருந்தான்.

மூன்றாம் ராம்செசின் 29ஆம் ஆட்சியாண்டில் இவ்வூராருக்குத் தானியக் கூலி காலந்தாழ்ந்தது. அவர்கள் கருவிகளை வைத்துவிட்டுப் பணியிடம் நீங்கி, கோவில்களின் அருகே சென்று அமர்ந்தனர். பசியும் தாகமுமே தங்களை அங்குக் கொணர்ந்தன என்றனர். இந்நிகழ்ச்சியை அவ்வூர் எழுத்தர் பதிவு செய்தார். வரலாற்றில் அறியப்பட்ட மிகப்பழைய வேலைநிறுத்தப் பதிவு இதுவே என்பர். அவ்வூரில் வாழ்ந்த நௌநக்தே என்னும் மூதாட்டி, முதுமையில் தம்மைப் பேணாத மக்களுக்குத் தம் சொத்தில் பங்கில்லை எனச் சான்றோர் முன் அறிவித்தார். எகிப்தியப் பெண்கள் தம் பெயரில் உடைமை கொண்டிருந்தனர் என்பதற்கு அந்த ஆவணம் சான்று.

வைகைக்கரைச் சான்றுகள்

வறண்ட பாலைநிலம் எகிப்தின் பாப்பிரசு ஏடுகளைக் காத்தது. மழையும் கரையானும் மிகுந்த தமிழ்நிலத்தில் ஓலைகள் நெடுங்காலம் நிலைப்பதில்லை. கல்லும் பானை ஓடும் நிலைத்தன. போடி மலையில் தோன்றும் கொட்டகுடி ஆறு வைகைப் படுகையைச் சேர்ந்தது. அப்படுகையில், ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்ப் பிராமி பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆநிரைப் பூசலில் உயிரிழந்த அந்தவன் என்பவனைக் குறிக்கிறது. அவன் நாடாண்ட மன்னன் அல்லன். மாடுகளே செல்வமாயிருந்த முல்லைநில வாழ்வின் வீரன். ஆநிரை கவர்தலைக் குறிக்கும் ‘ஆகோள்’ என்னும் சொல் அக்கல்லில் இடம்பெற்றுள்ளது. வைகையின் கீழ்ப்பகுதியில் உள்ள கீழடியில், ஆதன், குவிரன் முதலிய பெயர்கள் பானை ஓடுகளில் கீறப்பட்டுள்ளன. கல்லறை எழுப்பாத எளியோரின் பெயர்களும் இவ்வாறு காலத்தை வென்று நிற்கின்றன.

இன்றைய மலை

இன்றும் விடியலுக்கு முன்பே தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், அடிவார ஊர்களிலிருந்து ஜீப்புகளில் மலையேறுகின்றனர். ஏலச்செடியின் அடியிலிருந்து தரையோடு படரும் சரங்களில் காய்கள் விளைகின்றன. குனிந்தும் அமர்ந்தும், முற்றியவற்றை மட்டும் தேர்ந்து பறித்தல் வேண்டும். மழைக்காலத்தில் அட்டைக்கடியையும் பொறுத்தல் வேண்டும். பறித்த காய்கள் பசுமை மாறாமல் உலர்த்தப்பட்டு, பருமனும் நிறமும் நோக்கித் தரம் பிரிக்கப்பட்டுப் போடியில் ஏலத்திற்கு வருகின்றன. ஏலத்தில் காயின் எடையும் தரமும் விலையும் பதிவாகின்றன. பறித்த கைகளுக்கு அப்பதிவில் இடமில்லை.

தேள் கொட்டியதால் வேலைக்கு வாராத ஒரு தொழிலாளியை மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் உலகம் அறிகிறது. எவரோ ஒருவர் அதனைக் கல் சில்லில் எழுதி வைத்ததே காரணம். மன்னர் வரலாறு தானே எழுதப்பட்டுவிடும். மக்கள் வரலாற்றை ஒவ்வொரு தலைமுறையும் முயன்று எழுதுதல் வேண்டும். ஏலமலையின் வரலாறும் அவ்வாறு எழுதப்பட வேண்டியதே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மூத்த தொழிலாளர் ஒருவரைக் கண்டு, அவருடைய ஒரு நாள் வேலை, கூலி, உணவு, பயணம் ஆகியவற்றைக் கேட்டு, அவர் இசைவுடன் எழுதி வருக.
2. உங்கள் பகுதியிலுள்ள நடுகல் ஒன்றைப் பார்வையிட்டு, அது உணர்த்தும் வாழ்வியற் செய்திகளை வகுப்பில் கலந்துரையாடுக.