அடுப்பு ஒரு பக்கமாக எரிந்தால்

உலைப் பானையின் பின்பக்கம் தளதளவென்று கொதிக்கிறது, முன்பக்கம் சும்மா கிடக்கிறது. பெரிய அடுப்பிலிருந்து துளை வழியே சூடு வாங்கும் கொடியடுப்பில் ஏற்றிய குழம்பு வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. விறகு மட்டும் கட்டுக் கட்டாகப் போகிறது. காவிரிப் பாசனக் கிராமங்களில் ஐப்பசி பிறந்ததும் இந்தப் புலம்பல் தொடங்கிவிடும். 2016-இல் உஜ்வலா எரிவாயுத் திட்டம் வந்து சிலிண்டர் வீடு வீடாக ஏறிய பிறகும் வெந்நீருக்கு, நெல் அவிக்க, விசேஷச் சமையலுக்கு என்று கொல்லைப்புறத்தில் மண்ணடுப்பு இருக்கத்தான் இருக்கிறது.

"அடுப்பே சரியில்ல, இடிச்சுட்டு வேற போடணும்" என்பதுதான் வீட்டில் வரும் முதல் தீர்ப்பு. அது கடைசித் தீர்ப்பாக இருக்கட்டும். விறகு, சாம்பல், துளை, காற்று என்ற வரிசையில் பார்த்துக்கொண்டே வாருங்கள். செலவில்லாதது முன்னால், மண் குழைக்க வேண்டியது பின்னால். பெரும்பாலும் பாதி வழியிலேயே சிக்கல் அகப்பட்டுவிடும்.

எதையும் தொடுவதற்கு முன் பானையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சாம்பல் பூசாமல் ஒரு வேளை சமைத்த பானையாக இருக்க வேண்டும். தீ நன்றாகப் பட்ட இடத்தில் கரி மெல்லியதாக, காய்ந்து, சாம்பல் நிறம் ஓடியிருக்கும். புகை மட்டும் தடவிய இடத்தில் விரலை வைத்தால் கொழகொழவென்று மை ஒட்டும். எந்தப் பக்கம் மை, எந்தப் பக்கம் வெளுப்பு என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இனிச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே இடத்தைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும்.

முதலில் விறகு. அப்போது வெட்டிய பச்சை மரத்தில் எடையில் பாதி வரை தண்ணீராக இருக்கலாம். ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே ஈரம் இறங்கினால்தான் விறகு ஒழுங்காக எரியும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் காய்ந்தது, மொத்தென்று கேட்டால் ஈரம். வெட்டுமுனையில் கதிர்கதிராக வெடிப்பு ஓடியிருக்கிறதா, பட்டை கையோடு வருகிறதா என்றும் பாருங்கள். அடுப்பில் வைத்த கட்டையின் வெளிமுனையில் நுரை கொப்பளித்து 'உஸ்' என்று சத்தம் வந்தால் வேறு சோதனையே வேண்டாம். அந்தக் கட்டை கிடக்கும் பக்கம் முழுவதும் தண்ணீரை ஆவியாக்குவதற்கே சூடு போய்விடும், பானைக்கு மிஞ்சாது.

காய்ந்த விறகாகவே இருந்தாலும் கலந்து வைப்பதில் ஒரு வினை உண்டு. ஒரு பக்கம் தென்னை மட்டை, மறுபக்கம் சீமைக்கருவேலக் கட்டை என்று செருகினால் மட்டை குப்பென்று பற்றி நாலு நிமிஷத்தில் அடங்கும். கருவேலம் அதற்குள் பற்றியே இருக்காது. மட்டை, பன்னாடை, பாளை எல்லாம் தீ மூட்ட மட்டும். மூண்ட பிறகு ஒரே சாதி விறகு, ஒரே பருமன். கட்டைவிரல் பருமனிலிருந்து அதைப்போல் இரண்டு மடங்கு வரை பிளந்தால் போதும். வேதாரண்யம் பக்கத்துச் சவுக்கு கிடைத்தால் அதற்கு ஈடில்லை, நின்று சீராக எரியும். கொட்டாங்குச்சியைக் கொதி வர வேண்டிய கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தென்னந்தண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் சாய்ந்த தென்னைகளைக் கண்டவர்களுக்குத் தெரியும், அத்தனை மரம் கிடந்தும் அடுப்புக்கு அது லேசில் ஆகவில்லை. தென்னந்தண்டின் வெளிவட்டம் வைரம் பாய்ந்து கெட்டியாக இருக்கும், நடுச்சோறு பஞ்சாக நீரை உறிஞ்சி வைத்திருக்கும். இரண்டும் ஒட்டியபடியே அடுப்பில் போனால் ஒரே கட்டையில் ஒரு பக்கம் எரியும், ஒரு பக்கம் புகையும். வெளிவட்டத்தைத் தனியாகப் பிளந்து காயவைத்து எரியுங்கள். நடுச்சோற்றை மக்கப் போட்டுவிடலாம்.

அடுத்தது, வைக்கும் முறை. கட்டைகளைத் தரையோடு படுக்க வைத்து உள்ளே தள்ளினால் அடியில் காற்று போகாது. அடுப்பு வாயின் குறுக்கே ஒரு செங்கல் துண்டையோ இரும்புக் கம்பியையோ வைத்து, விறகு அதன்மேல் ஏறி நிற்கும்படி செருகுங்கள். முனைகள் பானையின் நடுவுக்குக் கீழே சந்திக்க வேண்டும். பின்சுவரில் முட்டும்வரை தள்ளுவதுதான் பொதுவான பழக்கம். பின்பக்கம் மட்டும் கொதிப்பதற்குப் பல வீடுகளில் அது ஒன்றே காரணம். முனை எரிய எரிய விறகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொடுங்கள். ஊதாங்குழலை எடுக்கும் முன் கட்டைகளுக்கு நடுவே ஒரு விரல் சந்து விட்டுப் பாருங்கள். பல நேரம் ஊதவே வேண்டியிருக்காது.

சாம்பல். தினமும் அள்ளுகிறோம் என்பார்கள். முன்பக்கச் சாம்பலைத்தான் அள்ளுவார்கள். பின்மூலையிலும் கொடிக்குப் போகும் துளையின் வாயிலும் இறுகிக் கிடப்பதை யாரும் தொடுவதில்லை. அடுப்பு ஆறியபின் கையை விட்டுத் தடவிப் பார்த்து, கரண்டிக் காம்பால் சுரண்டி எடுங்கள். தரையில் ஒரு விரல் கனத்துக்குச் சாம்பல் இருந்தால் தவறில்லை, கங்கு தாங்கும். அதற்குமேல் ஏறினால் தீ பானைக்கு மிக அருகில் போய், எரியும் முன்பே பானையடியில் குளிர்ந்து கரியாகப் படியும். விறகு எரியும் தரைக்கும் பானையடிக்கும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான உயரம் வேண்டும். விறகின் எடையில் பெரும்பங்கு வாயுவாகக் கிளம்பி அந்த இடைவெளியில்தான் எரிகிறது. எரிய இடமில்லாமல் தப்பியதுதான் நம் கண்ணைக் கரிக்கும் புகை.

இப்போது துளைகள். என் கணிப்பில் மண்ணடுப்பைக் கெடுப்பது வெடிப்பல்ல, மெழுகல். வெள்ளிக்கிழமைதோறும் சாணமும் மண்ணும் கரைத்துப் பூசிப் பூசி, வருஷக்கணக்கில் அடுப்பு உள்பக்கமாகப் பருத்துக்கொண்டே வரும். வாய் குறுகும், பானை உட்காரும் மூன்று குமிழ்களும் மழுங்கும், கொடித் துளை எலி வளையளவு ஆகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் அடுப்பு வழவழவென்று அழகாகத்தான் இருக்கும்.

குமிழ்களை முதலில் சோதியுங்கள். தட்டையடிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி அடுப்பின்மேல் வையுங்கள். விளிம்புக்கும் தண்ணீருக்கும் உள்ள தூரம் எல்லாப் பக்கமும் ஒன்றாக இல்லையென்றால் பாத்திரம் சாய்ந்திருக்கிறது. எந்தப் பக்கம் பாத்திரத்துக்கும் அடுப்புக்கும் இடைவெளி பெரியதோ அந்த வழியே தீ வெளியே ஓடும், மற்ற பக்கம் பட்டினி. தாழ்ந்த குமிழின்மேல் ஓட்டுச் சில்லு ஒன்றை மண்ணோடு அப்பினால் சரியாகிவிடும். (பொங்கலன்று பால் எந்தத் திசையில் வழிந்தது என்று பலன் பார்க்கும் வீடுகளில் இந்தச் சோதனையை முந்தின நாளே செய்து, வேண்டிய திசைக்கு ஒரு சில்லு வைத்துக்கொள்ளலாம். நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.)

கொடியடுப்புக்குச் சூடு போகவில்லை என்றால் கணக்கு வேறு. பெரிய அடுப்பின் குமிழ்கள் உயரமாக இருந்தால் தீ அங்கேயே பானையைச் சுற்றி மேலே போய்விடும், கொடிப்பக்கம் எட்டிப் பார்க்காது. ஆகவே பெரிய அடுப்பில் குமிழ் தாழ்ந்து, பானை ஏறக்குறைய விளிம்பில் உட்கார வேண்டும். கொடியில் குமிழ் ஒரு விரல் உயர்ந்து நிற்க வேண்டும். நடுத்துளை பெரிய அடுப்பிலிருந்து கொடியை நோக்கி மேல்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். சமமாகவோ கீழ்நோக்கியோ இருந்தால் சாம்பல் அடைக்கும். சோதிக்க ஓர் ஊதுபத்தி போதும். பெரிய அடுப்பில் தீ மூட்டிப் பானை ஏற்றிவிட்டு, பத்தியை அடுப்பு வாயருகே பிடியுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். வாசலிலேயே தயங்கி நின்றால் துளை அடைப்பு. பழைய மெழுகலை உளியால் மெல்லச் செதுக்கி, உள்ளங்கை நுழையுமளவு துளையைத் திறந்துவிடுங்கள்.

சுவர் வெடிப்புக்கு இருட்டிய பிறகு டார்ச் விளக்கை அடுப்புக்குள் வைத்து வெளியிலிருந்து பாருங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் காற்றும் கசியும், தீ அந்தப் பக்கமே சாயும்.

காற்றுத் திசையை யாரும் அடுப்போடு சேர்த்து யோசிப்பதில்லை. சமைப்பவர் கிழக்குப் பார்த்து உட்கார்வது நம் வழக்கம் என்பதால் அடுப்பு வாய் மேற்கே பார்க்கும். ஆடியில் மேலைக்காற்று கதவு வழியே முதுகைத் தாண்டி நேரே வாய்க்குள் புகுந்து தீயைப் பின்சுவருக்குத் தள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று எதிரே இருந்து இறங்கி, புகையை முகத்தில் கொட்டும். ஒரே அடுப்பு இரண்டு பருவத்தில் இரண்டு விதமாக எரிவது இதனால்தான். ஆடிக்கு வாயருகே ஒரு பக்கம் இரண்டு செங்கல் நிறுத்தி மறையுங்கள். வாடைக்குக் கிழக்கு ஜன்னலில் சாக்கு கட்டினால் போதும், ஆனால் புகை வெளியேற வேறு வழி திறந்திருக்க வேண்டும்.

புகைபோக்கி உள்ள அடுப்பானால் கரியைத் தட்டாமல் விட்டாலே இழுவை போய்விடும். 1983-இல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டம் தொடங்கி நாடெங்கும் கட்டிக்கொடுத்த அடுப்புகளில் பல இப்படிக் கவனிப்பில்லாமல்தான் மூலைக்குப் போயின. நீளக் கழியில் தென்னம் பாளையைக் கட்டி மேலிருந்து இறக்கித் தேயுங்கள். கூரை வீடானால் பொறி கீற்றில் படாத தூரம் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். தீ ஏறவில்லை என்று எந்த அடுப்பிலும் மண்ணெண்ணெய் தெளிக்க வேண்டாம்.

இவ்வளவும் பார்த்து, பானையடி இன்னும் ஒரு பக்கம் மையாகவே இருந்தால் இடித்துப் போடலாம். டெல்டாவின் களி தனியாக நின்றால் காயும்போது பிளக்கும். மணலும் நறுக்கிய வைக்கோலும் உமியும் சேர்த்து மிதித்து, ஒரு ராத்திரி ஊறவிட்டுக் கட்டுங்கள். புற்றுமண் கிடைத்தால் நல்லது. நிழலில் ஆறப்போட்டு, கையில் ஈரம் ஒட்டாத பிறகு வரட்டித் துண்டுகளால் மட்டும் சின்னத் தீ போடுங்கள். சம்பா அறுவடை முடிந்த மாசியிலோ பங்குனியிலோ இதைச் செய்தால் வெயில் கைகொடுக்கும். அதே வெயிலில் அடுத்த மழைக்கான விறகையும் வாங்கிப் பிளந்து, தரையில் படாமல் பரணில் ஏற்றிவிடலாம்.