மிஞ்சும் முட்டையை விற்பது எப்படி?

புழக்கடையில் எட்டுப் பத்துக் கோழிகள் வளர்க்கும் இல்லங்களில் சில வாரங்கள் கூடை நிறைய முட்டை சேரும். சில வாரங்கள் குழந்தைக்குக் கொடுக்கக்கூட ஒன்று கிடைக்காது. சேர்ந்த நாளில் வாசலுக்கு வரும் வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவதே பல வீடுகளில் வழக்கமாக உள்ளது. மிஞ்சும் முட்டை சிறு பொருள்தான். ஆயினும் அது இல்லத்தரசியின் கைக்கு நேராக வரும் பணம். அதை வீணாக்காமல் நல்ல விலைக்கு விற்கும் முறைகளை இங்கே காண்போம்.

முதலில் கணக்கு

நாட்டுக்கோழி ஒரு பருவத்தில் 12 முதல் 15 முட்டைகள் இட்டபின் அடைக்கு அமர்ந்துவிடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 60 முட்டைகள் எனக் கொள்ளலாம். எட்டுப் பெட்டைக் கோழிகள் உள்ள ஒரு வீட்டின் கணக்கைப் பாருங்கள்.

ஆண்டில் கிடைப்பது: 480
அடைக்கு வைப்பது (5 முறை, முறைக்கு 12): 60
இரு குழந்தைகளுக்கு, ஆளுக்கு வாரம் 2 வீதம்: 208
உடைவதும் காணாமற் போவதும்: 32
விற்பனைக்கு மிஞ்சுவது: 180

அதாவது, மாதத்திற்குச் சராசரியாக 15 முட்டைகள். இவ்வளவு சிறிய அளவை வைத்துக்கொண்டு சந்தையில் போட்டியிட இயலாது. தரம் ஒன்றைக் காட்டித்தான் நல்ல விலை பெற முடியும்.

குழந்தைகளின் பங்கை எடுத்த பிறகே மிச்சத்தைக் கணக்கிட வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். நாட்டு முட்டை ஒன்றில் ஏறத்தாழ 5 கிராம் புரதம் உள்ளது. முட்டையை விற்ற காசில் குழந்தைக்கு மிட்டாய் வாங்கிக் கொடுப்பதை வருமானம் எனக் கூற முடியாது.

ஒரு கூமுட்டை செய்யும் கேடு

கோழி அதே இடத்தில் தொடர்ந்து முட்டையிட வேண்டும் என்பதற்காகக் கூட்டில் ஒரு முட்டையை எடுக்காமல் விட்டு வைப்பது நம் வழக்கம். என் தாயாரும் அப்படித்தான் செய்வார். ஒருமுறை அந்தப் பழைய முட்டை புதியவற்றோடு கலந்து, அடுத்த தெரு வீட்டுக்குச் சென்றுவிட்டது. அவர்கள் சட்டியில் உடைத்தபோதுதான் அது கூமுட்டை என்று தெரிந்தது. சண்டைக்கு வரவில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. அதன்பின் முட்டை வாங்க வரவே இல்லை. நல்ல முட்டை நூறு கொடுத்துச் சேர்த்த பெயரை ஒரு கூமுட்டை எடுத்துச் சென்றுவிட்டது.

ஆகவே, கூட்டில் முட்டை வடிவிலான வெண்ணிறக் கூழாங்கல் ஒன்றை வையுங்கள். முட்டையையே வைப்பதாயின் அதில் கரிக்கோடு போட்டு அடையாளமிடுங்கள். வைக்கோற்போரிலோ புதரிலோ கண்டெடுத்த முட்டை எத்தனை நாள் பழையது என்று யாருக்கும் தெரியாது. அதை விற்பனைக்கு வைக்காதீர்கள்.

சேகரிப்பும் சேமிப்பும்

1. முட்டையை நாளுக்கு இருமுறையும், கோடையில் மும்முறையும் எடுங்கள். முட்டையிடும் பெட்டியில் உலர்ந்த வைக்கோல் அல்லது உமி பரப்பி, அழுக்கானால் மாற்றுங்கள்.

2. எடுத்தவுடன் பென்சிலால் தேதி எழுதுங்கள். பேனா மை வேண்டாம்.

3. முட்டையைக் கழுவாதீர்கள். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. அவற்றை மூடியிருக்கும் மெல்லிய இயற்கைப் பூச்சு கழுவும்போது போய்விடும். குளிர்ந்த நீர் கிருமிகளையும் உள்ளே இழுக்கும். சிறிதளவு அழுக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். எச்சம் அப்பியதை விற்பனைக்கு வைக்க வேண்டாம்.

4. அகன்ற முனை மேலும் கூரிய முனை கீழுமாக அடுக்குங்கள். அகன்ற முனையில்தான் காற்றறை உள்ளது.

5. ஈர மணலில் பாதி புதைத்த மண்பானைக்குள் முட்டைகளை வைத்து, வாயை ஈரத்துணியால் மூடுங்கள். மணல் ஈரமாகவே இருக்கட்டும். ஆனால் ஈரம் முட்டையில் படாமல் பானைக்குள் வைக்கோல் பரப்புங்கள்.

கோடையில் இந்தக் குளிர்ச்சி மிகவும் இன்றியமையாதது. வெப்பநிலை 27 டிகிரி செல்சியசுக்கு மேல் நீடித்தால், அடைக்கோழி இல்லாமலே கருவுற்ற முட்டையில் கரு மெல்ல வளரத் தொடங்கும். பெட்டைக்கோழி முட்டையிடச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்கவே தேவை. எனவே அடை வைக்காத கோடை மாதங்களில் சேவலைப் பிரித்து வைக்கலாம். பிரித்தபின்னும் மூன்று வாரங்கள் வரை கருவுற்ற முட்டைகள் வரக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

கோடையில் 3 அல்லது 4 நாட்களுக்குள்ளும், மற்ற மாதங்களில் ஒரு வாரத்திற்குள்ளும் விற்றுவிடுங்கள். ஐயம் தோன்றும் முட்டையைத் தண்ணீரில் இட்டுப் பாருங்கள். புதியது அடியில் படுத்துக் கிடக்கும், பழையது நிமிர்ந்து நிற்கும், மிதந்தால் எறிந்துவிடுங்கள். நீரில் நனைந்த முட்டையை மீண்டும் விற்பனைக் கூடையில் சேர்க்க வேண்டாம்.

விலையை எவ்வாறு வைப்பது?

1982-இல் தொடங்கப்பட்ட தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் நாமக்கல் விலை, ஆயிரக்கணக்கில் விற்கும் பண்ணை முட்டைக்கானது. உங்கள் முட்டைக்கு அடிப்படை உங்கள் செலவே. எட்டுக் கோழிகளுக்கு, தலைக்கு 40 கிராம் வீதம் தானியமும் தவிடும் கொடுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 117 கிலோ ஆகும். கிலோ 25 ரூபாய் எனக் கொண்டால் 2,920 ரூபாய். இதை 480 முட்டைகளுக்குப் பகிர்ந்தால் தீவனம் மட்டுமே முட்டைக்கு 6 ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது. மருந்தும் உழைப்பும் தனி. உங்கள் ஊர் விலையைப் போட்டு இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். அதன்பின் வியாபாரி கேட்கும் விலை கட்டுமா, கட்டாதா என்பது தெளிவாகும்.

அக்கம்பக்கத்தில் நான்கைந்து வீடுகளை வாடிக்கையாகப் பிடிப்பதே சாலச் சிறந்தது. வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, தேதி எழுதிய முட்டையைக் கொண்டு கொடுங்கள். குறைவாக இட்ட வாரத்தில் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். அடைக்கு முட்டை கேட்பவர்களுக்குச் சேவலோடு திரியும் கோழிகளின் புதிய முட்டையையே தனியே எடுத்துக் கொடுங்கள். அதற்குக் கூடுதல் விலையும் கேட்கலாம்.

சொல்லக் கூடாதவை

நாட்டு முட்டை நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்க வேண்டாம். ஓட்டின் நிறம் கோழி இனத்தைப் பொறுத்தது. மஞ்சள் கருவின் நிறம் பெரும்பாலும் அது மேயும் பசுந்தழையைப் பொறுத்தது. நிறத்தைக் கொண்டு சத்தை அளக்க முடியாது. நீங்கள் உறுதியாகச் சொல்லக் கூடியது, முட்டை இட்ட தேதி ஒன்றே. கடையில் வாங்குபவருக்கு எளிதில் கிடைக்காத செய்தி அது.

கோழிக்கு மருந்து கொடுத்திருந்தால், கால்நடை மருத்துவர் சொல்லும் நாட்கள் முடியும்வரை அந்த முட்டையை விற்கவோ உண்ணவோ கூடாது. வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசியைக் காலத்தில் போட்டு வையுங்கள். கோழி மடிந்தால் முட்டை விற்பனையும் அதோடு முடிந்துவிடும்.

இந்த வாரமே ஒரு பென்சிலை முட்டைக் கூடையோடு நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு சிறு குறிப்பேட்டில் இட்டது, உண்டது, அடை வைத்தது, விற்றது என நான்கு பத்திகள் போடுங்கள். மூன்று மாதங்கள் எழுதி வந்தால், உங்கள் வீட்டில் உண்மையில் மிஞ்சுவது எவ்வளவு, அதில் உங்களுக்கு வருவது எவ்வளவு என்பது உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.