ஏழு ஆண்டுக்கு ஒரு முறை

கேள்வி: ஒருவர் யாராக ஆகிறார் என்பதைச் சமூகம் எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது என்று ஆராய்ந்த ஆவணப்படம் உண்டா?

பதில்: பிரிட்டனின் 'அப்' வரிசை இதையே ஆராய்ந்தது. 1964-இல் கிரனாடா தொலைக்காட்சி 'செவன் அப்!' படத்துக்காக ஏழு வயதுப் பிள்ளைகள் 14 பேரைப் பேட்டி கண்டது. செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளும் கிழக்கு லண்டன் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தனர்; இருவர் காப்பகத்தில் வளர்ந்தவர்கள். பிறந்த வர்க்கமே எதிர்காலத்தை முடிவு செய்கிறது என்பது படத்தின் வாதம். அதை இயக்கியவர் பால் ஆல்மண்ட். அந்தப் படத்தில் ஆய்வாளராகப் பணியாற்றிய மைக்கேல் ஆப்டெட், 1970 முதல் '63 அப்' (2019) வரை ஏழு ஆண்டுக்கு ஒரு முறை அவர்களைத் தேடிச் சென்று படமெடுத்தார்.

வாதம் பாதிதான் நின்றது. வசதியான சிறுவர்கள் சிலர் எந்தப் பல்கலைக்கழகம் என்பதை ஏழு வயதிலேயே சொன்னார்கள். ஏறக்குறைய அப்படியே நடந்தது. ஆனால் விவசாயி மகன் ஒருவர் அமெரிக்காவில் பேராசிரியரானார். லிவர்பூலைச் சேர்ந்த ஒருவர் 28 வயதில் வீடின்றி ஸ்காட்லாந்தில் அலைந்தார். பின்னர் உள்ளாட்சி உறுப்பினரானார். எந்தக் கோட்பாட்டுக்கும் அடங்காத இந்த வாழ்க்கைதான் வரிசையின் உயிர்.

குறையும் உண்டு: பெண்கள் நால்வர்தான். இதை ஆப்டெட்டே பின்னாளில் ஒப்புக்கொண்டார். கேமராவின் தொல்லை பொறுக்காமல் விலகியவர்களும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், 21 வயதோடு விலகிய ஒருவர் ஆவணப்படத் துறையிலேயே வேலைக்குச் சேர்ந்தார்.