டயரில் ஒரு கணக்குப் பாடம்

கொடைக்கானல் மேல்மலையில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எட்டாம் வகுப்பு மாணவர்களைப் பழனிக்கு ஒருநாள் களப்பயணம் அழைத்துச் செல்லத் திட்டமிட்டிருந்தோம். பெருமாள்மலையிலிருந்து பழனிக்கு இறங்கும் பாதை முழுவதும் வளைவுகள். அதனால் பயணத்திற்கு முந்தைய வாரம் விழுக்காட்டையும் வட்டத்தின் சுற்றளவையும் டயரை வைத்தே நடத்தலாம் என்று தோன்றியது.

“உங்கள் ஊரில் நிற்கும் வண்டிகளின் டயரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எழுதி வாருங்கள்” என்றேன். மறுநாள் கரும்பலகை நிறைந்துவிட்டது. அதில் ஒரு காரின் குறியீட்டை எடுத்துக்கொண்டோம்: 165/80 ஆர் 14 85 டி.

165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது விழுக்காடு: பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 80 விழுக்காடு, அதாவது 132 மி.மீ. ‘ஆர்’ என்றால் ரேடியல் டயர். 14 என்பது டயர் பொருந்தும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில், 355.6 மி.மீ. மேலும் கீழும் உள்ள சுவர்களைச் சேர்த்தால் மொத்த விட்டம் 619.6 மி.மீ. இதை 3.14ஆல் பெருக்கினால் சுற்றளவு ஏறத்தாழ 1.95 மீட்டர். ஒரு கிலோமீட்டர் ஓட இந்தச் சக்கரம் 514 முறை சுழல வேண்டும். டயரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று தள்ளித் தரையில் அளந்தும் பார்த்தோம். விடை சற்றுக் குறைந்தது. வண்டியின் பாரத்தில் டயர் அமுங்குவதே காரணம் என்று மாணவர்களே கண்டுபிடித்தார்கள்.

85 என்பது சுமைக் குறியீடு. அட்டவணையில் அதன் மதிப்பு 515 கிலோ. ‘டி’ என்பது வேகக் குறியீடு. மணிக்கு 190 கி.மீ. “நம்ம மலையில 190ல யாரு சார் போவாங்க?” என்றான் ஒருவன். அது போகச் சொல்லும் வேகம் அல்ல, டயர் தாங்கக்கூடிய உச்ச வேகம் என்று விளக்கினேன். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன் சக்கரங்களுக்குச் சாய்வதையும் பேசினோம்.

ஸ்கூட்டரில் 90/100-10 53 ஜே என்று இருந்தது. இங்கே சுவரின் உயரமும் 90 மி.மீ.தான். 53 என்றால் 206 கிலோ. ‘ஜே’ என்றால் 100 கி.மீ. பேருந்தில் 10.00 ஆர் 20 என்று இருந்தது. இதில் அகலமும் அங்குலத்திலேயே. அதன் சுமைக் குறியீடு 146/143. தனிச் சக்கரமானால் 3000 கிலோ, இரட்டைச் சக்கரமானால் ஒவ்வொன்றுக்கும் 2725 கிலோ. வண்டிக்கு வண்டி டயர் ஏன் மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவைப்படவில்லை.

பயண நாள் காலை வாடகை வேன் வந்து நின்றது. டயர்கள் கறுப்பாகப் பளபளத்தன. நான் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி பின் சக்கரத்தருகே குனிந்து, “சார், 1612னு போட்டிருக்கு” என்றாள்.

டி.ஓ.டி. என்ற எழுத்துகளுடன் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் டயர் தயாரான வாரமும் ஆண்டும். 2012ஆம் ஆண்டின் 16ஆவது வாரம். அந்த மாணவி பிறந்ததும் 2012இல்தான்!

“பட்டன் நல்லா இருக்கே சார்” என்றார் ஓட்டுநர். உண்மைதான், தேய்மானம் இல்லை. ஆனால் ஓடாமல் கிடந்தாலும் வெப்பத்தாலும் காற்றாலும் ரப்பர் இறுகும். பத்து ஆண்டைத் தாண்டிய டயரை மாற்றிவிட வேண்டும் என்பது டயர் நிறுவனங்கள் பலவற்றின் அறிவுரை. உற்றுப் பார்த்தபோது ரிம்மை ஒட்டி மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. வேறு வண்டி வரும்வரை இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பாடம் நடத்திய நான் பார்க்கத் தவறியதை அவள் பார்த்தாள் என்பது இன்றும் உறுத்துகிறது.

வகுப்பில் செய்துபார்க்க:

1. பள்ளிக்கு வரும் வண்டிகளின் டயர் அளவைக் குறித்து விட்டம், சுற்றளவு காணச் செய்யலாம்.

2. தயாரிப்பு வாரத்தைக் கொண்டு டயரின் வயதைக் கணக்கிடலாம். அந்த எண் ஒரு பக்கச் சுவரில் மட்டும் இருக்கக்கூடும்.

3. பள்ளங்களுக்குள் உள்ள தேய்மானக் குறியைத் தேடலாம். கார் டயரில் அதன் உயரம் 1.6 மி.மீ. மேல்பரப்பு அதைத் தொட்டுவிட்டால் மழைநீர் வெளியேற வழியில்லை. டயரை மாற்ற வேண்டும்.

4. புது டயர் வாங்கும் வீட்டாருக்கு மாணவர்கள் சொல்ல வேண்டியவை: வண்டி நிறுவனம் குறிப்பிட்ட அளவையே வாங்குவது, சுமை, வேகக் குறியீடுகள் அதற்குக் குறையாமல் இருப்பது, ஒரே அச்சில் ரேடியலையும் சாதா டயரையும் கலக்காமல் இருப்பது.

இப்போது எங்கள் களப்பயணப் பொறுப்புப் பட்டியலில் குடிநீர், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றோடு டயர் பார்க்கும் பொறுப்பும் இருக்கிறது. அதை இரண்டு மாணவர்கள் ஏற்கிறார்கள். அவர்கள் எண்களைப் படித்துச் சொன்ன பிறகே மற்றவர்கள் ஏறுகிறார்கள்.