மூத்தோர் வீழ்ச்சி

முதியோர் ஒருவர் விழுந்தால், "வயதாயிற்று" என்று கூறி நாம் அமைந்துவிடுகின்றோம். வயது ஒன்றே காரணமாயின், ஒத்த வயதினர் யாவரும் ஒப்ப விழுதல் வேண்டுமன்றோ? அங்ஙனம் நிகழக் காண்கிலோம்.

காரணங்கள் அகம், புறம் என இருவகைப்படும். கால்தசை தளர்தல், கண்புரையால் பார்வை மங்குதல், எழுந்தவுடன் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றுதல், உறக்க மருந்தின் மயக்கம் ஆகியன அகக் காரணங்கள். ஈரத்தரை, இருள், தேய்ந்த செருப்பு, பிடியில்லாப் படி ஆகியன புறக் காரணங்கள். கல்வராயன் மலையிலுள்ள கரியாலூர் போன்ற ஊர்களிலோ சரிவான வழியும், மழைக்காலப் பாசியும் இவற்றொடு சேரும். பெரும்பாலும் இவற்றுட் பல கூடியே ஒருவரை வீழ்த்துகின்றன. ஆதலின் ஒன்றை நீக்கினும் பயனுண்டு.

ஒருமுறை விழுந்தவர் அஞ்சி நடையை விடுவர், நடை குறையவே கால் மேலும் தளரும், மீண்டும் விழுவர். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து மாள்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் 2021இல் கூறியது. அவருள் அறுபது கடந்தோரே மிகுதி.

கோலூன்றல் இழிவன்று. தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் சங்கப் புலவர் ஊன்றுகோலாலேயே பெயர் பெற்றார். விடுமுறையில் இல்லம் ஏகும் நாம், பாட்டனார் இரவில் எழுந்து நடக்கும் வழியில் விளக்கொன்று வைப்போமாக. படியிற் படிந்த பாசியையும் தேய்த்து அகற்றுவோமாக.